நடிகர் வீட்டு ஆள்

கனடாவின் மொன்றியல் தமிழர்களுக்குள் ‘நடிகர் வீட்டு ஆள்’ என்றோர் இனம் இருக்கிறது. கண்டுபிடிப்பது சுலபம். பிள்ளை தேவாலயத்தில் முதல் நன்மை வாங்கிய விருந்தோ பிறந்தநாளோ, கோழிப் பொரியலை எடுத்துக்கொண்டு நீங்கள் ஒதுங்கும் மூலைக்கு அவரும் வந்து, உங்கள் ஊர், உத்தியோகம், பிள்ளை படிக்கும் படிப்பு எல்லாவற்றையும் இரண்டு நிமிடத்தில் விசாரித்து முடித்துவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு, ஓர் அமெரிக்க நடிகரைப் பற்றித் தன் சொந்தச் சித்தப்பாவைப் பற்றிச் சொல்வதுபோலச் சொல்லத் தொடங்குவார். தப்ப முடியாது. கோழி ஆறிவிடும்.

நம் கைக்கு அகப்பட்டவர், கர்க்லாண்ட் புறநகரில் இருப்பதால் கர்க்லாண்ட் கிறிஸ்தோப்பர். அவருக்கு வாய்த்த நடிகர் டெல்மர் ஹக்ஸ்டன். இருபத்தாறு வருடங்களுக்கு முன்பு, துறைமுகப் பக்கம் நடந்த படப்பிடிப்பு ஒன்றில் கிறிஸ்தோப்பர் சாப்பாட்டு வண்டியில் வேலை செய்தார். டெல்மர் வந்து ஒரு கிண்ணம் சூப் வாங்கிக்கொண்டு, பிரெஞ்சில் “மெர்சி” என்று நன்றி சொன்னார். அவ்வளவுதான், சொந்தமாகிவிட்டார்கள்.

அன்றிலிருந்து டெல்மரின் வாழ்க்கை முழுவதும் கிறிஸ்தோப்பருக்கு மனப்பாடம். ஒகாயோவில் செருப்புக் கடைக்காரருக்குப் பிறந்தது, நியூயோர்க் மேடைகளில் பதினொரு வருடம் தட்டு ஏந்தும் வேலைக்காரனாகவே வந்துபோனது, முப்பத்தாறு வயதில் முதல் படம் கிடைத்தது, அது ஓடாமல் போனது, பிறகு வில்லனாகி ஊரையே மிரட்டியது, எழுபதில் விருது வாங்கி அழுதது என்று எல்லாம் தேதி பிசகாமல் வரும். குடும்ப விவகாரமும் வரும்.

“ரண்டாவது மனுசி சரியில்லை. முகத்தைப் பாத்த உடனையே நான் திரேசம்மாவுக்குச் சொன்னனான்.”

திரேசம்மா கிறிஸ்தோப்பரின் மனைவி. டெல்மரின் மூன்று மனைவிமாரோடு நாலாவது ஆளாக அந்த வீட்டில் காலம் தள்ளுகிறார்.

போன மாதம் டெல்மர் போய்விட்டார். எண்பத்துநாலு வயது. அமெரிக்கா என்ன செய்ததோ தெரியாது. கிறிஸ்தோப்பர் மரண அறிவித்தல் எழுதி, குடும்ப வட்ஸ்அப் குழுவில் போட்டார்.

“அமெரிக்கா ஒகாயோவைப் பிறப்பிடமாகவும், நியூயோர்க், லொஸ் ஏஞ்சலிஸ் ஆகிய இடங்களை வதிவிடமாகவும் கொண்ட டெல்மர் ஹக்ஸ்டன் அவர்கள் செவ்வாய்க்கிழமை காலமானார். அன்னார் பெற்றி, லொறெய்ன், ஷீலா ஆகியோரின் அன்புக் கணவரும், கர்க்லாண்ட் கிறிஸ்தோப்பரின் பாசமிகு நண்பரும் ஆவார். இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும்.”

ஏற்றுக்கொண்டோம். அறிவித்தலை முழுதாக வாசிப்பவர் நம்மில் யார்? ‘அன்னார்’ என்ற சொல்லைக் கண்டதும் பெருவிரல் தானாகவே கும்பிடும் கைகளை அழுத்திவிடும். நானும் அழுத்தினேன். அன்புக் கணவருக்கு மூன்று மனைவி இருப்பதுகூட எனக்கு உறைக்கவில்லை. செத்த வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது என்று திரேசம்மாவின் தங்கை நிரஞ்சனி இடியப்பமும் சொதியும் கொண்டுபோனாள். அடுத்த வீட்டுக்காரர் புட்டு. இன்னொருவர் மரக்கறிச் சோறு. கிறிஸ்தோப்பர் என்ன செய்தார்? வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, வாசலில் நின்று, வந்தவர்களின் கைகளை ஒவ்வொன்றாகப் பிடித்து, “நல்ல மனுசன்” என்றார். இரண்டு நாள், ஓய்வில்லாமல்.

இனிச் சிரிப்புக் குறையும். கிறிஸ்தோப்பருக்குத் தேவதாசன் என்றோர் அண்ணை இருக்கிறார். நகரின் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் ஓர் அறையில் தனியாக இருப்பவர். இதயக் குழாயில் அடைப்பு. எட்டு மாதம் காத்திருந்து ஒப்பரேசனுக்கு அவருக்குக் கிடைத்த நாள் அந்த வியாழக்கிழமை. கூட்டிக்கொண்டு வந்து, கூட்டிக்கொண்டு போக ஓர் ஆள் இல்லாவிட்டால் செய்யமாட்டோம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். “நான் வாறன் அண்ணை, யோசிக்காதேங்கோ” என்று வாக்குக் கொடுத்தவர் கிறிஸ்தோப்பர்தான்.

வியாழன் பின்னேரம், வந்தவர்களின் பாத்திரங்களைக் கழுவிக்கொண்டே திரேசம்மா கேட்டார்.

“உங்கட அண்ணைக்கு எப்ப ஒப்பரேசன்?”

கிறிஸ்தோப்பர் வாயைத் திறந்தார். டெல்மருக்குப் பித்தப்பை எடுத்த தேதிதான் முதலில் நினைவுக்கு வந்தது. பிறகு அண்ணையின் தேதியும் வந்தது. தொலைபேசியை எடுத்தார். தேவதாசன் வீட்டில்தான் இருந்தார்.

“ஆளில்லை எண்டு திருப்பி அனுப்பிப்போட்டினம், தம்பி. பேந்து புதுத் தேதி போட்டுக் கடிதம் வருமாம். மெட்ரோவில வந்திட்டன். அஞ்சு தரம் உனக்கு அடிச்சனான், நீ எடுக்கேல்லை. செத்த வீட்டில நிக்கிறாய் எண்டு நிரஞ்சனி பிறகுதான் சொன்னவள். பரவாயில்லை, செத்த வீடெண்டால் நிக்கத்தானே வேணும். அது சரி, ஆர் செத்தது? எங்களுக்கு என்ன முறை?”

கிறிஸ்தோப்பர் என்ன சொல்வார், சூப் முறை என்றா?

இதைத் திரேசம்மா சொல்லக் கேட்டபோது எனக்கு அந்த மனிதர்மேல் வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லைத்தான். உங்களுக்கு எந்த நடிகரும் சொந்தமில்லை. யாராவது கிரிக்கெட்காரரின் முழங்கால் நோவைப் பற்றி நாலு நாள் கவலைப்பட்டிருப்பீர்கள், அதெல்லாம் கணக்கில்லை.

தேவதாசனுக்குப் புதுத் தேதி வந்துவிட்டது. வருகிற பதினெட்டாம் தேதி, காலை ஏழு மணி. கிறிஸ்தோப்பரைக் கேட்க அவருக்கு மனமில்லை. நான் போகலாம், ஆனால் அன்று எனக்கு வேலை. அதனால் அண்ணையோடு போக ஓர் ஆள் வேண்டும் என்று நேற்றுக் குடும்பக் குழுவில் எழுதினேன். இன்னும் ஒருவரும் பதில் போடவில்லை. நாற்பத்துமூன்று பேர் வாசித்துவிட்டதாகக் காட்டுகிறது. பெயர்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். உங்களுடையதும் இருக்கிறது.