நிலவறை இல்லாத வீட்டின் வடக்குச் சுவர்

பொதுமக்களின் நன்மையை முன்னிட்டு ஓர் உண்மையை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். நாங்கள் புதிதாகக் கட்டுகிற வீட்டுக்கு நிலவறை வேண்டாம் என்று முடிவு செய்தது நான்தான். மண்ணுக்கு அடியில் ஓர் அறை கட்டி அதில் உடைந்த நாற்காலியைப் போட்டு வைப்பதற்குப் பதில், நாற்காலியையே தூக்கிப் போட்டுவிடலாம் என்று தோன்றியது. ஓய்வூதிய அலுவலகத்தில் பத்து வருஷமாகக் குப்பை கொட்டுகிற எனக்கு அந்தப் புத்தி வந்திருக்கக் கூடாது.

மேஸ்திரிதான் ஆரம்பித்து வைத்தார். "சார், திங்கக்கிழமை தரைக்கு கான்கிரீட் போடறோம். தண்ணி, கரண்ட், சாக்கடை, இன்டர்நெட் நாலும் எந்தப் பக்கமா உள்ள வருதுன்னு அதுக்குள்ள தெரியணும். அங்கங்க குழாய் பதிச்சு விட்டுடலாம். அப்புறம் வந்து கேட்டீங்கன்னா தரையை ஒடைக்கணும்."

என் மனைவிக்கு அப்போது ஏழாம் மாதம். "குழந்தையைச் சொந்த வீட்டுக்குத்தான் தூக்கிட்டு வருவேன். குழாயைத் திறந்தா தண்ணி வரணும், சுவிட்சைப் போட்டா லைட் எரியணும். வேற ஒண்ணும் கேக்கல" என்று சொல்லியிருந்தாள். நியாயமான கோரிக்கை. ஆகவே இணைப்பு நுழைவு அனுமதிப் பிரிவுக்குப் போனேன்.

படிவத்தின் பதினோராவது கேள்வி: 'இணைப்புகள் நிலவறையின் எச்சுவர் வழியே நுழைய உத்தேசிக்கப்பட்டுள்ளன?' நான் 'நிலவறை இல்லை' என்று எழுதியிருந்தேன்.

"என்ன சார் இது?" என்றார் அதிகாரி. "சுவரைக் கேட்டா வீட்டுக் கதையைச் சொல்றீங்க."

"நிலவறையே இல்லைங்க. நேரா தரை வழியா வரணும்."

"வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்குன்னு நாலு கட்டம்தான் இருக்கு. இதுல 'இல்லை'ங்கற திசை எங்க இருக்கு?"

"அப்ப என்னதான் பண்றது?"

அவர் நல்லவர். வழி சொல்லாமல் யாரையும் திருப்பி அனுப்பாதவர். "நிலவறை இன்மைச் சான்றிதழ் வாங்கிட்டு வாங்க. எங்க ஆய்வாளர் வந்து உங்க நிலவறையைப் பார்வையிட்டு, இல்லைன்னு எழுதிக் கொடுப்பார்."

வியாழக்கிழமையே ஆய்வாளர் வந்துவிட்டார். கையில் டார்ச், காலில் முழங்கால் வரை பூட்ஸ்.

"நிலவறை எங்க?"

"அது இல்லைன்னு எழுதத்தான் சார் வந்திருக்கீங்க."

"எழுதறேன். ஆனா கீழ இறங்கிப் பார்த்துட்டுத்தான் எழுதணும். பார்க்காம எழுதினா பொய்ச் சான்றிதழ் ஆயிடும். என் சர்வீஸ்ல நான் பொய் எழுதினதில்ல."

அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் அவர் இறங்கிப் பார்க்க ஓர் இடம் வேண்டுமே. மேஸ்திரி ஆட்களிடம் மண்வெட்டியைக் கொடுத்தார். சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் வீட்டுக்குப் பக்கத்தில் பத்தடிக்குப் பத்தடி ஒரு குழி தயார். மண் சரியாமல் சுற்றிலும் பலகை, மேலே தகரம், இறங்கப் படி.

திங்கள் காலை ஆய்வாளர் இறங்கினார். கால் மணி நேரம் கழித்து, ஏமாற்றப்பட்டவர் முகத்தோடு ஏறி வந்தார்.

"நிலவறை இருக்கே சார்! இன்மைச் சான்றிதழ் தர முடியாது. ஆனா கவலைப்படாதீங்க, இருக்கறதால உங்க மனு தானா பாஸ். வடக்குச் சுவர்னு போட்டுக்கறேன்."

கான்கிரீட் வண்டி வாசலில் உறுமிக்கொண்டிருந்தது. அனுமதிக் கடிதத்தில் தரை என்ற பேச்சே இல்லாததால், மேஸ்திரி ஓர் ஓட்டைகூட விடாமல் தரையை வழவழவென்று முடித்துக் கொடுத்தார்.

அடுத்த வாரமே நாலு துறைகளும் ஓடி வந்தன. குழியின் வடக்குச் சுவரில் தண்ணீர் கொட்டியது, விளக்கு எரிந்தது, இணையம் பறந்தது. சாக்கடைகூட ஒழுங்காகப் போனது. வீட்டில் ஒன்றும் இல்லை.

"இங்கேருந்து வீட்டுக்குள்ள கொண்டு போகலாமா?" என்று அதிகாரியிடம் கேட்டேன்.

"அது தரைவழி நுழைவு. தனிப் படிவம். கூட ஒரே ஒரு சான்றிதழ் இணைக்கணும்."

"என்ன சான்றிதழ்?"

"நிலவறை இன்மை."

"குழியை மூடிட்டா?"

"அனுமதி வாங்கின நிலவறையை மூடறது குற்றம் சார்."

இரண்டு மாதத்தில் பெண் குழந்தை பிறந்தது. மனைவி அதைத் தூக்கிக்கொண்டு வந்து வீட்டைப் பார்த்தாள், குழியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு மெதுவாகப் படியில் இறங்கினாள். "குழாயைத் திறந்தா தண்ணி வருது. சுவிட்சைப் போட்டா லைட் எரியுது. கேட்டதைக் கொடுத்துட்டீங்க" என்றாள். அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

குழந்தையைப் பார்க்க வந்த எதிர்வீட்டுக்காரர் குழியைத்தான் அதிக நேரம் பார்த்தார். "ஓஹோ, இப்ப இதுதான் ஸ்டைலா? நமக்கு யாரும் சொல்லவே இல்லையே!" என்று போனில் படம் எடுத்துக்கொண்டு போனார். மாதக் கடைசியில் எங்கள் தெருவில் ஆறு குழிகள்.

அப்போதுதான் அந்தக் கடிதம் வந்தது. 'தங்கள் நிலவறைக்கு அருகில், அனுமதியின்றி ஒரு வீடு காணப்படுகிறது. ஏழு நாட்களுக்குள் தக்க விளக்கம் அளிக்கவும்.'

அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனேன். என் மேசைக்கு முன்னால் ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவர் நின்றார். அவர் படிவத்தில் 'மூத்த பிள்ளையின் கையொப்பம்' என்ற இடம் காலியாக இருந்தது.

"எனக்குப் பிள்ளைங்க இல்லைங்க" என்றார்.

"காலியா விடக் கூடாது பெரியவரே. பிள்ளை இன்மைச் சான்றிதழ் வாங்கிட்டு வாங்க."

"அதுல யார் கையெழுத்துப் போடணும்?"

கையேட்டைப் புரட்டிப் பார்த்தேன். வழி சொல்லாமல் யாரையும் திருப்பி அனுப்புகிற ஆள் நான் இல்லை.

"உங்க மூத்த பிள்ளைதான்" என்றேன்.