பத்து மடங்கு பயம்

தன் உடம்புக்குத் தானே சிவப்பு அம்பு ஒட்டிக்கொண்ட மனிதன் ஆந்திரா முழுக்கத் தேடினாலும் ஒருவன்தான் கிடைப்பான். அவன் எங்கள் அறையில் இருந்தான். பெயர் ரிஜெக்ட்.

பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. ஸ்ரீசிட்டியில் ஒரு தொழிற்சாலையில் பிளாஸ்டிக் பாகங்களைச் சோதித்து, குறை உள்ள இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டி ஒதுக்குவது அவன் வேலை. வேலையோடு நிறுத்தினானா? திருப்பதியில் நாங்கள் மூவர் தங்கியிருந்த அறையில், ஓரம் கருகிய தோசைக்கு அம்பு. நான் போட்ட காபிக்கு, டம்ளரின் மேல் அம்பு. மூன்றாமவரான நகரிக்காரர் தூங்கும்போது அவருடைய வழுக்கைக்கு அம்பு.

நான் தினமும் நாட்குறிப்பு எழுதுகிறவன். அதனால் நடந்ததை நாள் பிசகாமல் சொல்ல முடியும். வைகாசியில் ஒரு ஞாயிறன்று ரிஜெக்ட் சித்தூருக்கு நண்பன் கல்யாணத்துக்குப் போனான். அங்கே கூடப் படித்த பெண்ணைப் பார்த்தான். திங்கள் மாலை சிரித்துக்கொண்டே திரும்பினான். வியாழன் காலையில் சிரிப்பு போய்விட்டது.

"அண்ணா, ஒண்ணுக்குப் போனா எரியுதுணா."

"இந்த வெயில்ல தண்ணியே குடிக்க மாட்டற. எரியாம இன்னா பண்ணும்?"

கதவைச் சாத்தினான். "அதில்லணா. சித்தூர்ல... காண்டம் போடல."

அன்று முழுக்கத் தண்ணீர் குடித்தான். மறுநாள் எரிச்சல் நின்றது. பயம் நிற்கவில்லை. தொழிற்சாலையில் ஐம்பதுக்கு ஒன்றை எடுத்துச் சோதிப்பவன், வீட்டில் தன்னை முழுசாகச் சோதிக்கத் தொடங்கினான். பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் கண்ணாடி ஒன்று வாங்கிவந்தான். குளியலறைக் கதவுக்குப் பின்னால் ஒரு தாளைத் தொங்கவிட்டு, ஒரு நாளைக்கு மூன்று முறை 'ஓகே', 'நாட் ஓகே' என்று குறித்தான்.

நகரிக்காரர் வாளியோடு வெளியே நின்று கத்துவார்: "யோவ், உள்ள இன்னா மொபைலா ரிப்பேர் பண்ணிக்கினு கீற? கம்பெனி பஸ் போயிடும்யா!"

பத்து மடங்கு பெரிதாக்கினால் மயிர்க்கால் ஒவ்வொன்றும் ஒரு மலை. பதினோராம் நாள் குறைகள் பதினேழு; ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், உடம்பிலேயே, ஒரு சிவப்பு அம்பு. போனில் வீடியோக்கள் பார்த்து, உலகத்திலுள்ள எல்லா நோயும் தனக்கு வந்துவிட்டதாக முடிவு செய்தான், பெண்களுக்கு மட்டும் வருகிற ஒன்றையும் சேர்த்து. இந்தச் சிரத்தையில் கால்வாசியை ஆஸ்பத்திரி வரிசையில் காட்டியிருந்தால் ஒரே காலையில் வேலை முடிந்திருக்கும்.

"போய் டெஸ்ட் எடுத்துக்கடா."

"சீட்டுல பேர் எழுதுவாங்கணா. நான் மொட்டை போட்டுக்கறதா வேண்டிக்கினேன்."

வேண்டிக்கொண்டவன் வேட்டியாவது கட்டியிருக்கலாம். சனிக்கிழமை, கொளுத்தும் வெயிலில், புத்தம்புது இறுக்க ஜீன்ஸ் போட்டு மலையடிவாரத்து அலிபிரியிலிருந்து மூவாயிரத்துச் சொச்சம் படி ஏறினான். தலை வழவழவென்று திரும்பியது. தொடை இரண்டும் வெந்து திரும்பின. தாளில் எழுதினான்: 'வேகமாகப் பரவுகிறது.' ஞாயிறு அன்று தன் ஹெல்மெட்டை எனக்கு உயில் எழுதிவைத்தான்.

திங்களன்று அவனை அரசு ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனேன். டாக்டரம்மா ஒரு பார்வைதான் பார்த்தார்.

"எப்பய்யா மலை ஏறின?"

"சனிக்கிழமை மேடம்."

"ஜீன்ஸா?"

"உங்களுக்கு எப்படித் தெரியும் மேடம்?"

"இந்த ஊர்ல எனக்கு வேற இன்னா வேல? இது தொட உரசின புண்ணு."

அவன் தாளையும் கண்ணாடியையும் பணிவாக மேசையில் வைத்தான். டாக்டரம்மா பதினேழு குறைகளையும் படித்தார். "இதெல்லாம் நோய்னா எனக்கும் இருக்குது. கண்ணாடியத் தூக்கிப் போட்டுட்டு ரத்தமும் யூரினும் குடு."

வெள்ளியன்று முடிவு வந்தது. பதினேழும் பொய். ஆனால் எந்தக் கண்ணாடியிலும் தெரியாத பதினெட்டாவது ஒன்று உண்மையாகவே இருந்தது.

"பயப்படாத, மாத்திரையில போயிடும். எச்.ஐ.வி.க்கு இன்னிக்கு இல்லன்னு வந்திருக்கு. நான் சொல்ற தேதியில மறுபடி வந்து எடுக்கணும்," என்றார் டாக்டரம்மா. "அந்தப் பொண்ணுக்கும் சொல்லிடு. வெளியில ஒண்ணும் தெரியாமலே உள்ள கெடுத்துடும்."

அறைக்கு வந்தோம். அந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாகி, ஆவணியில் முகூர்த்தம் என்று முந்தின நாள்தான் இவனுக்குச் செய்தி வந்திருந்தது.

"விட்டுடு நைனா," என்றார் நகரிக்காரர். "நிச்சயமான பொண்ணு. ஏன் போய்க் கலக்கற?"

நானும் வெட்கமில்லாமல் சேர்ந்துகொண்டேன். "மாத்திரைய முழுங்கு, முடிஞ்சுது. எங்க வந்துதுன்னு யாருக்குத் தெரியப்போவுது?"

ரிஜெக்ட் எங்களை மாறி மாறிப் பார்த்தான். "எரிச்சல்கூட இருக்காதாம்ணா. அப்ப அவளுக்கு யாரு சொல்லுவாங்க?"

சீட்டில் பேர் எழுதுவார்கள் என்று மூன்று வாரம் நடுங்கியவன், எங்கள் முன்னாலேயே அவளை அழைத்தான். அவள் திட்டியது அறை முழுக்கக் கேட்டது. பதினோரு நிமிடம். கைக்கடிகாரத்தைப் பார்த்துத்தான் சொல்கிறேன். மொட்டைத் தலையில் வியர்வை வழிய, அவன் சொன்னது இவ்வளவுதான்: "ஆமா. ஆமா, நான் மாடுதான். நாளைக்கே போ. தனியாப் போவப் பயமா இருந்தா நான் வந்து வெளிய நிக்கறேன். சரி, வரல. ஆனா நீ போ."

அவள் போனாள். மாத்திரை வாங்கினாள்.

அன்று போனை வைத்துவிட்டு, சட்டைப்பையிலிருந்து ஸ்டிக்கரை எடுத்தான். நகரிக்காரர் நெஞ்சில் ஒன்று. என் நெஞ்சில் ஒன்று. தட்டு கழுவப் போய்விட்டான்.

இப்போது அவன் குப்பம் பக்கம் வேலைக்குப் போய்விட்டான். மறு சோதனைகளும் நல்லபடியாக முடிந்தன. அந்த அம்பு என் நாட்குறிப்பில், அந்த வெள்ளிக்கிழமைப் பக்கத்தில் இருக்கிறது. தேதிக்கு மேலே என் பெயரை எழுதி, அதைப் பார்த்து ஒட்டிவைத்திருக்கிறேன்.