மாப்பிள்ளை மாட்டிவிட்டுப் போன பெட்டி

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

அக்காள் வீட்டுக்காரர் எழுதிக்கொள்வது. இங்கு அனைவரும் நலம் என்று எழுதக் கை பழகிவிட்டது. உன் அம்மா போன பிறகு அந்த வரியை எப்படி மாற்றுவதென்று தெரியவில்லை, அப்படியே இருக்கட்டும்.

இந்தக் காலத்தில் காகிதமா என்று சிரிக்காதே. நாங்கள் இருக்கும் இடத்தில் நீ இல்லை, நீ இருக்கும் இடத்தில் நாங்கள் இல்லை. தபால்காரருக்குத்தான் இரண்டு பக்கமும் வழி தெரிகிறது.

போன வருடம் சொந்தக்காரர்கள் தங்களுக்குள் செய்தி அனுப்பிக்கொள்ள என்று வீட்டுக்கு வீடு அந்தக் கறுப்புப் பெட்டியை மாட்டிவிட்டு, "நடுவுல எந்தக் கம்பெனியும் கிடையாது மச்சான். நம்ம பெட்டிங்க தங்களுக்குள்ள நேரா பேசிக்கும். இதுக்குப் புரோகிராம் எழுதினவங்க இலவசமா கொடுத்திருக்காங்க, யார் வேணும்னாலும் உள்ள பிரிச்சுப் பார்க்கலாம்" என்றாய். நாள் முழுக்க மூக்குக்கண்ணாடித் திருகாணியைத் தேடுகிறவனுக்கு இன்னொன்றைப் பிரித்துப் பார்க்க ஏது ஆசை? இருந்தாலும் உன் மனம் நோகக் கூடாதென்று எல்லோரும் சேர்ந்தோம். கடவுச்சொல்லோ ஒரு முழ நீளம். உன் அக்கா அதைச் சமையலறைச் சுவரில் ஒட்டி, யார் கண்ணிலும் படக் கூடாது என்று நீ சொன்னதால் மேலே காலண்டரை மாட்டினாள்; வருடம் முடிந்ததும் காலண்டரோடு சேர்ந்து அதுவும் கிழிந்துபோனது. பெரியப்பா வீட்டில் பூனை கதகதப்புக்காகப் பெட்டிமேல் படுத்துப் படுத்து, ஒருநாள் கம்பியையும் கடித்து, அந்தக் குடும்பமே ஊமையாகிவிட்டது. இதில் பூப்படம் போட்ட காலை வணக்கம் வரவில்லை என்று சித்தி விலகினாள். ஒவ்வொருவராகக் கைபேசியில் இருந்த பழைய குடும்பக் குழுவுக்கே திரும்ப, நீ மட்டும் கொள்கையாக அங்கேயே இருந்தாய், ஆளில்லாத கடையில் விளக்குப் போட்டுக்கொண்டு.

உன் அம்மா, என் அத்தை, மயங்கி விழுந்து, ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே போய்விட்டார். சித்தப்பா உடனே குழுவில் போட்டார். எல்லோரும் கைகூப்பும் படம் போட்டார்கள். உனக்குச் சொல்லியாயிற்றா என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. குழுவில் போட்டால் ஊருக்கே சொன்ன மாதிரிதானே. மறுநாள் அடக்கம் முடிந்து வாடகை நாற்காலிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தபோது, வழக்கம்போல அம்மாவைப் பார்க்க எங்கள் வீட்டுக்குப் பழப்பையோடு வந்தாய்.

"என்ன மச்சான், வீட்ல விசேஷமா? எனக்குச் சொல்லவே இல்லையே" என்றாய்.

பழப்பையை உன் கையிலிருந்து வாங்கி உன் அம்மா படத்துக்கு முன்னால் வைத்தேன். அதன்பின் நீயும் வாசற்படி மிதிக்கவில்லை.

மாப்பிள்ளை, நீ சொன்னதெல்லாம் நியாயம்தான். கம்பெனிக்காரன் நம் பேச்சை விற்கிறான், விற்றுக்கொண்டு போகட்டும். எங்களைப் போன்ற ஜனங்கள் நல்லது எங்கே இருக்கிறது என்று பார்ப்பதில்லை, நம்ம ஆட்கள் எங்கே இருக்கிறார்கள் என்றுதான் பார்க்கிறோம். உன் பெட்டியில் ஒரு குறையும் இல்லை; ஆள்தான் இல்லை. கொள்கையைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு எங்கள் குழுவுக்கு வந்துவிடு. இன்னொரு சாவுக்கும் சொல்லாமல் உன்னை விட்டுவிட எங்களால் முடியாது.

வேளைக்குச் சாப்பிடு. அக்காளின் அன்பும் என் ஆசியும் உனக்கு எப்போதும் உண்டு.

இப்படிக்கு,
உன் மச்சான்

பி.கு.: ஒட்டிய உறையைப் பிரித்து எழுதுகிறேன். மேலே சொன்ன எதையும் செய்யாதே. உன் அக்கா அந்தக் குழுவிலிருந்து விலகிவிட்டாள். பரணிலிருந்து பெட்டியை இறக்கித் துடைத்து மாட்டியிருக்கிறாள். "அவன் இருக்கிற இடத்துல நம்ம வீட்டு ஆளு ஒருத்தர்கூட இல்லன்னா எப்படிங்க?" என்கிறாள். சிவப்பு விளக்கே எரிகிறது. எதை அழுத்துவதென்று எங்கள் இருவருக்கும் தெரியவில்லை. வந்து பார்த்துக் கொடு. இப்போது நீ எங்கள் குழுவுக்கு வந்துவிட்டால், அவள் அங்கே தனியாக உட்கார்ந்திருப்பாள்.