நான்கு கிலோமீட்டர் ஓடிய மஞ்சள் கார்

விலை ஏறுவதைக் கவனிக்கத் தனியாக ஆள் வேண்டாம். அதை ஊரே கவனித்துக்கொள்ளும். இறங்குவதைக் கவனிக்கத்தான் ஓர் அலுவலகம் தேவை. இந்த உயரிய நோக்கத்தோடு நிறுவப்பட்டதுதான் வேகக் கார் மறுவிற்பனை மதிப்பு முன்கணிப்பு அலுவலகம். இன்றைக்கு வாங்கிய வேகக் கார் ஐந்து வருடம் கழித்து என்ன விலைக்குப் போகும் என்று முன்கூட்டியே சொல்வது அதன் பணி. மூன்றாவது மாடியில் இருந்தது. லிப்ட் உண்டு. ஏறி இறங்கினால் தேய்ந்துவிடும் என்று பூட்டி வைத்திருந்தார்கள்.

அலுவலகத்தின் கணிப்பு ஒருமுறைகூடப் பொய்த்ததில்லை. வருட ஆரம்பத்தில் விலைகளையெல்லாம் புத்தகமாகப் போடுவார்கள். கார் வியாபாரிகள் அந்தப் புத்தகத்தைப் பார்த்து விலை சொல்வார்கள். வருடக் கடைசியில் அலுவலகம் வியாபாரிகளுக்குப் போன் போட்டு, என்ன விலைக்குப் போகிறது என்று விசாரிக்கும். அவர்கள் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு பதில் சொல்வார்கள். கணிப்பு இந்த வருடமும் நூற்றுக்கு நூறு சரி என்று இயக்குநர் பத்திரிகைகளுக்குச் செய்தி கொடுப்பார்.

அங்கே முதுநிலைக் கணிப்பாளராக இருந்தவரை எல்லோரும் சதவீதம் என்றுதான் கூப்பிட்டார்கள். காபி ஆறிவிட்டதா என்று கேட்டால்கூட "நாற்பது சதவீதம்" என்பார். இருபது வருடமாக வேகக் கார்களுக்கு விலை போட்டவர், ஒன்றில்கூட உட்கார்ந்ததில்லை. பஸ்ஸில் வந்து பஸ்ஸில் போனார். பள்ளிக்கூட நாளிலிருந்தே அவருக்கு ஒரே ஆசை. ஆளில்லாத நேர் சாலை, இறக்கிவிட்ட கண்ணாடி, காலுக்குக் கீழே ஒரு வேகக் கார். ஒரே ஒரு தடவை போதும்.

குறைவாக ஓடிய கார் கூடுதல் விலைக்குப் போகிறது என்பதைக் கண்டுபிடித்தவரும் அவர்தான். அதற்கு முன்பும் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். ஆனால் அப்போது அதற்கு அட்டவணை கிடையாது. ஓடிய கிலோமீட்டரால் விலையை வகுக்கும் சூத்திரம் ஒன்றை எழுதி இயக்குநரிடம் கொண்டுபோனார்.

இயக்குநர் படித்துவிட்டு நிமிர்ந்தார். "அப்ப ஓடவே ஓடாத வண்டி?"

"சைபரால வகுக்கணும் சார். கால்குலேட்டர் ஒத்துக்க மாட்டேங்குது."

இயக்குநர் தானே வாங்கித் தட்டிப் பார்த்தார். பிழை என்று காட்டியது. "இதுல கொள்ளாத அளவுக்குப் பெரிய விலை. வேற என்ன அர்த்தம்?"

"கணக்குப் பிரிவுல பெரிய கால்குலேட்டர் இருக்கு சார். அதுலயும் போட்டுப் பாத்துட்டேன்."

"அப்ப அதைவிடப் பெரிய விலை. எழுதுங்கய்யா."

எழுதினார். எழுதியவருக்கே அதில் நம்பிக்கை வந்துவிட்டது. இருந்த ஒரே மனையை விற்று, மஞ்சள் நிறத்தில் ஒரு வேகக் கார் வாங்கினார்.

கார் லாரியில் வந்து இறங்கியது. மீட்டரில் நான்கு கிலோமீட்டர் காட்டியது. தொழிற்சாலையிலேயே யாரோ ஓட்டிப் பார்த்திருக்கிறார்கள். அந்த முகம் தெரியாத பாவியை அவர் இரண்டு நாள் திட்டித் தீர்த்தார்.

அவர் மனைவி தெருமுனையில் தையல்கடை வைத்திருப்பவர். கழுத்தில் அளவு நாடாவோடு வந்து காரைச் சுற்றிப் பார்த்தார். "ஏறுங்க, தெருக்கோடி வரைக்கும் ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம்."

"தெருக்கோடின்னா ஒண்ணேகால் சதவீதம் போயிடும்மா."

"பின்ன எதுக்குங்க வாங்கினீங்க?"

"அஞ்சு வருஷம் போகட்டும். விக்கிறதுக்கு முந்தின நாள் ஒரு ரவுண்டு போறோம். இது சத்தியம்."

"உங்க சத்தியம் எத்தனை சதவீதம் தேறும்னு நான் ஒரு கணிப்பு சொல்லட்டுமா?" என்று கேட்டுவிட்டு அந்த அம்மாள் கடைக்குப் போனார்.

அந்த வருடப் புத்தகம் வெளியானதும் ஊர் தலைகீழாக மாறியது. வசதி இருந்தவர்கள் எல்லோரும் வேகக் கார் வாங்கினார்கள். வாங்கியவர்கள் எல்லோரும் ஓட்டாமல் நிறுத்தி வைத்தார்கள். வெயிலில் வண்ணம் மங்கினால் மூன்று சதவீதம் குறையும் என்று அலுவலகம் ஒரு சுற்றறிக்கை விட்டது; உடனே எல்லா கார்களும் உறைக்குள் போயின. உறைக்குள் போனால் பக்கத்து வீட்டுக்காரன் எப்படிப் பொறாமைப்படுவான் என்ற நியாயமான கேள்வி எழுந்தது. தையல்கடை அம்மாள் உறைமேல் அதே காரின் படத்தை அச்சடித்துத் தைத்துக் கொடுத்தார். கடையில் கூட்டம் தாங்கவில்லை. பிறகு உறை மங்காமல் இருக்க உறைக்கு ஓர் உறை வந்தது.

கல்யாணம், விருந்து என்று வெளியே போக வேண்டி வந்தால் காரை லாரியில் ஏற்றிக்கொண்டு போவது நாகரிகமாயிற்று. வாசலில் இறக்கி, நாலு பேர் பார்த்ததும் மறுபடி ஏற்றிவிடுவார்கள். மணிக்கு முந்நூறு கிலோமீட்டர் போகக்கூடிய கார்கள் முப்பதில் போய்க்கொண்டிருந்தன. வேகக் கார் சங்கம் ஆண்டுதோறும் ஒரு போட்டி நடத்தியது. மைதானத்தில் எல்லா கார்களும் காலை முதல் மாலை வரை நிற்கும். அசையாமல் நின்ற வண்டிக்குக் கோப்பை. ஒரு வருடம் சரியான போட்டி. கடைசி நேரத்தில் ஒரு வண்டியின் பிரேக் தளர்ந்து அரை அடி நகர்ந்துவிட்டது. சொந்தக்காரர் மயங்கி விழுந்தார்.

ஐந்தாம் வருடம் முடிந்தது. மஞ்சள் காரை வாங்கப் பல் டாக்டர் ஒருவர் ஸ்கூட்டரில் வந்தார். போன மாதம்தான் இயக்குநரின் வெள்ளைக் காரை நல்ல விலை கொடுத்து வாங்கியிருந்தார். இரண்டும் ஜோடியாக நின்றால் மதிப்பு இன்னும் ஏறும் என்பது அவர் எண்ணம். பானெட்டைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்து மூலைமுடுக்கெல்லாம் பார்த்தார்.

"ஒரு சொத்தைகூட இல்ல. ஆனா மீட்டர்ல நாலு இருக்கே?"

"அது பிறவிக் குறை டாக்டர்."

"பரவாயில்ல. நாளைக்கு லாரி அனுப்பறேன். நாலு அஞ்சாச்சுன்னா நான் வாங்க மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்."

டாக்டர் போனதும் மனைவி சாவியை எடுத்து நீட்டினார். "இன்னைக்குத்தாங்க அந்த முந்தின நாள்."

சதவீதம் அதை வாங்கினார். பிறகு திரும்பவும் ஆணியில் மாட்டினார். மனைவி அளவு நாடாவை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு கடைக்குப் போனார். அதுதான் அவருக்குத் தாங்க முடியாமல் போயிற்று.

மறுநாள் லாரி வந்தது, கூடவே ஸ்கூட்டரில் டாக்டரும் வந்தார். கார் ஏறியதும் அவர் டாக்டரின் ஸ்கூட்டருக்குப் பக்கத்தில் போய் நின்றார். "டாக்டர், உங்க வீடு வரைக்கும் நான் உள்ள உக்காந்து வரட்டுமா?"

"சீட்டு தேயுமே?"

"துண்டு விரிச்சு உக்கார்றேன்."

டாக்டர் பெருந்தன்மையோடு சம்மதித்துவிட்டு முன்னால் போனார்.

இஞ்சின் ஓடாத காரில், லாரியின் முதுகில், சதவீதம் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். லாரி திரும்பிய பக்கமெல்லாம் இவரும் பார்த்துத் திருப்பினார். புறவழிச்சாலை வந்தது. ஆளில்லாத நேர் சாலை. லாரி டிரைவர் கண்ணாடியில் பின்னால் பார்த்தார். பெரியவர் வாயால் இஞ்சின் சத்தம் கொடுத்துக்கொண்டிருந்தார். டிரைவருக்கு என்னவோ போல் ஆகிவிட்டது.

"சார்!" என்று கத்தினார். "ஜன்னலை இறக்கிக்குங்க!"

சதவீதம் கைப்பிடியைச் சுற்றிக் கண்ணாடியை இறக்கினார். அந்த லாரி அதன் வாழ்நாளில் எண்பதைத் தாண்டியதில்லை. அன்றைக்கு எண்பத்திரண்டு தொட்டது. காற்று வந்து சதவீதத்தின் முகத்தில் அறைந்தது. அவர் சீட்டிலிருந்து எம்ப, துண்டு பறந்து போயிற்று. அவர் அழுதாரா சிரித்தாரா என்று அவருக்கே தெரியவில்லை. சாலையோரக் கம்பத்தில் ஏதோ பளிச்சென்று மின்னியதையும் அவர் கவனிக்கவில்லை.

மின்னியது போக்குவரத்துத் துறையின் கேமரா. லாரியின் நம்பர் பலகை சேறாக இருந்ததால், அது நல்ல பிள்ளையாக மேலே இருந்த காரின் நம்பரை எடுத்துக்கொண்டது. மேற்படி மஞ்சள் கார் எண்பத்திரண்டு கிலோமீட்டர் வேகத்தில் சென்றதாக நோட்டீஸ் வந்தது. ஓட்டுநர் இரண்டு கைகளாலும் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்ததை அதில் பாராட்டியும் இருந்தார்கள்.

இயக்குநர் கூப்பிட்டனுப்பினார். "வண்டி ஓடியிருக்கேய்யா."

"லாரி ஓடிச்சு சார். வண்டி சும்மா மேல நின்னுச்சு."

"எண்பத்திரண்டுல நின்னுச்சா? சகோதரத் துறை கேமரா வச்சுக் கண்டுபிடிச்சதை நாம மறுக்க முடியுமா? லாரியில போனாலும் ஓட்டம் ஓட்டம்தான். விதியைத் திருத்துங்க."

"சார், ஊர்ல எல்லா வண்டியும் அஞ்சு வருஷமா லாரியிலதான் போயிட்டு வருது. மொத்தமும் விழுந்துடும். உங்க வெள்ளை வண்டிகூட..."

"அதை நான் போன மாசமே வித்தாச்சு," என்றார் இயக்குநர். "தனிப்பட்ட நலன் குறுக்கிடாம முடிவெடுக்க இதைவிட நல்ல நேரம் வராது."

திருத்தம் வெளியான அன்றே ஊர் சாய்ந்தது. கல்யாணத்துக்குப் போன கார்கள், கோப்பை வாங்கிய கார்கள், எல்லாவற்றின் விலையும் தரைக்கு வந்தது. பல் டாக்டர் மஞ்சள் காரைத் திருப்பி அனுப்பிவிட்டார். வெள்ளைக் காரை இயக்குநர் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. விற்பனைக்குப் பிந்தைய மனக்குறை தம் அலுவலக வரம்புக்குள் வராது என்று பதில் எழுதினார்.

வாசலில் நின்ற காரைப் பார்த்துக்கொண்டு சதவீதம் படியில் உட்கார்ந்திருந்தார். மனைவி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இப்ப இதுக்கு மதிப்பு எவ்வளவுங்க?"

"சொல்லிக்கிற மாதிரி இல்லம்மா."

"சதவீதத்துல?"

அவர் உதட்டைப் பிதுக்கினார்.

"அப்ப இனிமே தேயறதுக்கு ஒண்ணும் இல்ல. எடுங்க வண்டியை."

ஐந்து வருடம் தூங்கிய பேட்டரியை மாற்றுவதற்கு மெக்கானிக் கடையில் காத்திருக்க வேண்டியிருந்தது. வரிசை தெருவைத் தாண்டி நின்றது. ஏன் இவ்வளவு கூட்டம் என்று அவர் அப்போதே யோசித்திருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை மனைவியைப் பக்கத்தில் உட்கார வைத்து, கண்ணாடியை இறக்கி, சாவியைத் திருப்பினார். இஞ்சின் உறுமியது. தெருக்கோடி வரைக்கும் போனார். புறவழிச்சாலை வரைக்கும் போனார்.

அங்கே ஊரே நின்றது.

தேய்வதற்கு இனி ஒன்றும் இல்லை என்ற யோசனை எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் வந்திருக்கிறது. முந்நூறில் போகக்கூடிய நூற்றுக்கணக்கான கார்கள், முன்னும் பின்னும் முட்டிக்கொண்டு, உறுமிக்கொண்டு, ஓர் அங்குலம் நகராமல் நின்றன. பக்கத்துக் காரில், வெள்ளைக் காரில், பல் டாக்டர் இருந்தார்.

வெகுநேரம் கழித்து முன்னால் போலீஸ்காரரின் விசில் கேட்டது. வழி திறந்துகொண்டிருந்தது. முதல் வரிசை மெல்ல அசைந்தது. சதவீதத்தின் கால் துடித்தது.

அப்போது டாக்டர் தலையை நீட்டினார். "சார், இவ்ளோ நேரம் நின்னுட்டோமே. இதுக்கு மதிப்பு ஏதாவது ஏறுமா?"

"வாயைத் திறக்காதீங்க," என்று மனைவி சதவீதத்தின் தொடையைக் கிள்ளினார்.

அவர் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தார். எவ்வளவோ பொறுத்தார். ஆனால் இருபத்தைந்து வருடப் பழக்கம்.

"சூத்திரப்படி, நிக்கிற நேரத்துல ஓட்டம் சைபர். அப்ப நிக்கிற வரைக்கும் ஏறும்..."

டாக்டர் சட்டென்று இஞ்சினை அணைத்தார். அவர் முன்னால் இருந்தவரிடம் சொன்னார். முன்னால் இருந்தவர் அவருக்கு முன்னால் இருந்தவரிடம் சொன்னார். சேதி முதல் வரிசைக்குப் போய்ச் சேர்ந்தபோது, நகர ஆரம்பித்திருந்த முதல் கார் பிரேக் போட்டு நின்றது. வரிசையாக இஞ்சின்கள் அடங்கின. போலீஸ்காரர் விசிலை ஊதிப் பார்த்துவிட்டு, தன் மைத்துனரின் வண்டியும் கூட்டத்தில் நிற்பது நினைவுக்கு வந்து, விசிலைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார்.

"யம்மா, உங்ககிட்ட உறை இருக்கா?" என்று யாரோ கேட்டார்கள். நாலு பக்கமும் கைகள் நீண்டன. மனைவி கழுத்திலிருந்த அளவு நாடாவை உருவிக்கொண்டு இறங்கினார். டிக்கியிலிருந்து தங்கள் காரின் உறையை எடுத்து விரித்தார்.

"நீயுமா?" என்றார் சதவீதம்.

"நம்ம வண்டியே உறையில்லாம நின்னா எவன் ஆர்டர் குடுப்பான்? கண்ணாடியை ஏத்துங்க."

ஏற்றினார். அவர் இறங்கவில்லை; இறங்க அவர் பக்கத்துக் கதவைத் திறக்க இடமும் இல்லை. உறை மேலே வந்து விழுந்தது. வெளியே நின்று பார்த்தவர்களுக்கு ஒரு மஞ்சள் கார் பறந்து போகிற படம் தெரிந்தது.

அந்தக் கார்கள் இன்னும் அங்கேதான் நிற்கின்றன. ஊர்க்காரர்கள் வேறு வழியாகச் சுற்றிப் போகிறார்கள். இந்த வருடக் கணிப்பும் நூற்றுக்கு நூறு சரி என்று இயக்குநர் அறிவித்திருக்கிறார். ஒரே ஒரு உறைக்குள்ளிருந்து மட்டும், யாரோ வாயால் இஞ்சின் சத்தம் கொடுப்பது அவ்வப்போது கேட்கிறது. அந்த அதிர்வினால் பக்கத்து வண்டிகளுக்குத் தேய்மானம் உண்டா என்பது பரிசீலனையில் இருக்கிறது.