நன்றி தெரிவிக்கும் பட்டன்

மூன்றாம் ஆண்டு கணினி அறிவியல் மாணவ மாணவியர் முப்பது நாள் இன்டர்ன்ஷிப் முடித்து, உரிய சான்றிதழை முத்திரையுடன் சமர்ப்பித்தால் மட்டுமே பருவத் தேர்வுக்கு அனுமதிக்கப்படுவர் என்று கல்லூரி சுற்றறிக்கை விட்டது. அந்த முப்பது நாளில் என்ன கற்க வேண்டும் என்று அதில் ஒரு வரியும் இல்லை. முத்திரை எந்த அளவில் இருக்க வேண்டும் என்று இரண்டு வரி இருந்தது.

தேவதானத்திலிருந்து கல்லூரிக்குப் போய்வரும் ஆனந்தவல்லி, அந்த முத்திரையைத் தேடி ராஜபாளையத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடிக்கு ஏறினாள். 'சுறுசுறு வெப் டெக்' என்ற வெப் டெவலப்மென்ட் நிறுவனம் அங்கேதான் இயங்கிவந்தது. நான்கு கம்ப்யூட்டர் இருந்தன, இரண்டு ஓடின. உரிமையாளர் ஹரிகிருஷ்ணன் அவளை முறைப்படி நேர்முகத் தேர்வு செய்தார். சொந்தமாக லேப்டாப் இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றாள். "அப்ப நீ ஃபுல் ஸ்டாக் டெவலப்பர்மா" என்று சொல்லி, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் காட்டினார்.

அந்த வாரம் நிறுவனத்துக்கு ஒரு பெரிய வேலை வந்திருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் வட்டார வசதிகள் மேம்பாட்டு அலுவலகம் என்று ஒன்று உண்டு. சாலை, சாக்கடை, தெருவிளக்கு எல்லாம் அதன் பொறுப்பு. மக்கள் வீட்டில் இருந்தபடியே குறைகளைப் பதிவு செய்ய அவர்களுக்கு ஓர் இணையதளம் வேண்டியிருந்தது. வேறு ஆள் இல்லாததால் முழுத் தளத்தையும் ஆனந்தவல்லியே கட்டினாள்.

அலுவலகக் கண்காணிப்பாளர் தனுஷ்கோடி தன் எதிர்பார்ப்புகளை மூன்று பக்கத்துக்கு எழுதிக் கொடுத்திருந்தார். அதிகாரிகள் அனைவரின் படமும் பதவிக்கேற்ற அளவில் முகப்பில் இடம்பெற வேண்டும். அப்படி இடம்பெற்றதில், செல்போனில் பார்ப்பவர்கள் இருபத்தோரு தடவை விரலால் தள்ளிய பிறகுதான் குறை எழுதும் கட்டம் வந்தது. அதைக் கொஞ்சம் மேலே ஏற்றலாமா என்று ஆனந்தவல்லி கேட்டாள். தனுஷ்கோடி கோபப்படவில்லை.

"மொதல்ல அதிகாரிங்களப் பாக்கட்டும்மா. நேர்ல வந்தாத்தான் பாக்க முடியலயே."

ஏ.ஐ. இருக்கிறதா என்றும் கேட்டிருந்தார். இருக்கிறது, வருகிற குறைக்கெல்லாம் ஏ.ஐ. உடனே பதில் எழுதும் என்று ஹரிகிருஷ்ணன் வாக்குக் கொடுத்துவிட்டார். அந்தப் பதில்களை எழுதும் வேலையும் ஆனந்தவல்லிக்கே வந்தது. ஆனந்தவல்லி, இன்டர்ன். இரண்டுக்கும் ஆங்கிலத்தில் முதல் எழுத்தை எடுத்தால் என்ன வருகிறது என்று அவர் விளக்கினார். அவர் பொய் பேசுகிறவர் அல்ல.

தளம் திறந்து வைக்கப்பட்டது. இரண்டே நாளில் நானூற்றுப் பன்னிரண்டு குறைகள் வந்து சேர்ந்தன. தான் எழுதிய நிரல் வேலை செய்கிறது என்று ஆனந்தவல்லி பூரித்துப்போயிருந்த நேரத்தில் தனுஷ்கோடியின் போன் வந்தது. தளம் ரிப்பேர் ஆகிவிட்டது என்றார்.

என்ன ரிப்பேர் என்று கேட்டாள்.

"குறை வருதும்மா."

அவர் கணக்கு தெளிவாக இருந்தது. போன வருடம் முழுக்க அலுவலக வாசலில் தொங்கிய பெட்டியில் பதினோரு குறைகள்தான் விழுந்தன. அதில் ஒன்று கல்யாணப் பத்திரிகை. இந்தத் தளம் வந்த இரண்டு நாளில் நானூற்றுப் பன்னிரண்டு. ஆகவே குறைகளை உண்டாக்குவது தளம்தான். இவையெல்லாம் முன்பே இருந்த குறைகள் சார் என்று அவள் சொல்லிப் பார்த்தாள். இருந்திருந்தால் எங்களுக்குத் தெரியாமலா போயிருக்கும் என்று அவர் வருத்தத்தோடு கேட்டார்.

ரிப்பேர் வேலை தொடங்கியது. முதலில் தளத்துக்கு அலுவலக நேரம் நிர்ணயிக்கப்பட்டது. காலை பத்து முதல் மாலை ஐந்தே முக்கால் வரை. ஒன்றிலிருந்து இரண்டு உணவு இடைவேளை. சனி, ஞாயிறு விடுமுறை. மக்கள் பத்து மணிக்குக் காத்திருந்து எழுதினார்கள். அடுத்து, பள்ளத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் அதன் நீளம், அகலம், ஆழம் குறிப்பிட வேண்டும் என்று ஒரு கட்டம் சேர்க்கப்பட்டது. மக்கள் டேப் வைத்து அளந்து அனுப்பினார்கள். சோழபுரத்திலிருந்து ஒருவர், மழைக்கு முன், மழைக்குப் பின் என இரண்டு அளவு அனுப்பியிருந்தார்.

இத்தனைக்கும் நடுவில் ஒரே குறை ஒன்பது முறை வந்தது. எழுதியவர் பிச்சையம்மாள். தளவாய்புரத்தில் நைட்டி தைக்கிறவர். அங்கே ஆரம்பப் பள்ளி வாசலில் சாக்கடை மேல் கிடந்த சிமென்ட் சிலாப் உடைந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. போன வாரம் இரண்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்று உள்ளே விழுந்து கையை ஒடித்துக்கொண்டது. 'தங்கள் குறை பரிசீலனையில் உள்ளது' என்று ஒன்பது முறை பதில் எழுதிய ஆனந்தவல்லிக்குப் பத்தாவது முறை எழுதக் கை வரவில்லை. குறையில் இருந்த நம்பருக்குப் போன் செய்தாள்.

பிச்சையம்மாள் முதலில் நம்பவில்லை. "நீ மிசினா, மனுசியா தாயி?" என்று கேட்டார்.

"இன்டர்ன்க்கா" என்றாள் ஆனந்தவல்லி.

"அப்படின்னா?"

"ரெண்டுலயும் சேத்தி இல்லக்கா."

மறுநாளே கடைசி ரிப்பேருக்கு உத்தரவு வந்தது. குறை பட்டனை அறவே நீக்கிவிட்டு, அந்த இடத்தில் 'நன்றி தெரிவிக்க' என்று ஒரு பட்டன் வைக்க வேண்டும். அந்தச் சிலாப்பைப் பற்றி அவள் ஹரிகிருஷ்ணனிடம் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, கஸ்டமர் கேட்டதைச் செய்வதுதான் தொழில் தர்மம் என்றார். பட்டனை மாற்ற மூன்று நிமிடம் ஆனது. பிறகு, பிச்சையம்மாளுக்குப் போன் செய்து அனுமதி கேட்டு, அவர் பெயரில் இப்படி எழுதினாள்:

'தளவாய்புரம் பள்ளி வாசலில் உடைந்து கிடந்த சிலாப்பை ஒரே நாளில் மாற்றிக் குழந்தைகளைக் காத்த கண்காணிப்பாளர் அய்யா அவர்களுக்கு எங்கள் தெரு மக்களின் மனமார்ந்த நன்றி.'

தளத்துக்கு வந்த முதல் நன்றி அது. முகப்பில் சிவப்பு எழுத்தில் ஓட விட்டார்கள். மாவட்டத்தில் ஒரு மேலதிகாரி அதைப் படித்து மகிழ்ந்து, வியாழக்கிழமை நேரில் வந்து அந்தச் சிலாப்போடு படம் எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். தனுஷ்கோடி கோப்பைப் புரட்டினார். அப்படி ஒரு சிலாப்பை அவர் மாற்றியதாகத் தெரியவில்லை. மாற்றவில்லை என்று சொன்னால் அது குறையாகிவிடும். குறை சொல்லத் தளத்தில் வசதி இல்லை.

புதன்கிழமை பிச்சையம்மாள் போனில் கூப்பிட்டார். ஏழு பேர் வந்து புது சிலாப் போட்டு, ஓரத்தில் மஞ்சள் பெயின்ட்டும் அடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்றார். பிள்ளைகள் அதன்மேல் ஏறி ஏறிக் குதிப்பதாகவும் சொன்னார். ஆனந்தவல்லி மாடிப்படிக்கு வந்து சத்தமில்லாமல் அழுதாள். முப்பது நாளில் அவள் கற்றுக்கொண்ட ஒரே தொழில்நுட்பம் அதுதான்.

பிச்சையம்மாள் வேலை பார்க்கும் தையல் கூடத்தில் தொடங்கிய செய்தி சுற்றுவட்டாரம் முழுக்கப் பரவியது. எரியாத விளக்குக்கும் வராத தண்ணீருக்கும் மக்கள் மனமுருகி நன்றி எழுதினார்கள். சிலாப்புக்கு வந்ததையும் சேர்த்து, ஒரே வாரத்தில் அறுநூற்றுப் பதினேழு நன்றி. ஆனந்தவல்லியின் அப்பா வேல்சாமி, ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர், தேவதானம் ரோட்டுக்காக மட்டும் மூன்று முறை எழுதினார். மூன்றாவதில் 'பளிங்கு போன்ற சாலை' என்றும் சேர்த்திருந்தார்.

தனுஷ்கோடியிடமிருந்து போனே வரவில்லை. இருபத்தொன்பதாம் நாள் ஆனந்தவல்லி ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய் அவரைப் பார்த்தாள். அவர் டீ வரவழைத்துக் கொடுத்து, தளம் இப்போது அருமையாக வேலை செய்வதாகப் பாராட்டினார். மேசை மேல் கோப்புகள் நேர்த்தியாக அடுக்கி இருந்தன. ஒவ்வொரு நன்றியையும் அச்செடுத்து, அந்தந்த வேலையின் கோப்பில் இணைத்து, 'பயனாளியே ஒப்புதல் அளித்துள்ளதால் பணி நிறைவுற்றது' என்று கையெழுத்திட்டு மூடியிருந்தார்கள். ஒரு நன்றிக்கு ஒரு வேலை என்ற கணக்கில், ஒரு கூடை மண் அள்ளாமல் அறுநூற்றுப் பதினாறு வேலைகள் முடிந்திருந்தன. சிலாப் ஒன்றுதான் கணக்கில் விதிவிலக்கு.

"சார், ரோடு இன்னும் போடவே இல்லயே" என்றாள் ஆனந்தவல்லி.

"போடாமலா நன்றி சொல்லுவாங்க? நம்ம ஜனங்க அப்படிப்பட்டவங்க இல்லம்மா."

சிலர் நேரில் வந்து நன்றியைத் திரும்பக் கேட்டதாகவும், அதற்கு விதியில் இடமில்லை என்று அனுப்பி வைத்ததாகவும் அவரே சொன்னார்.

பஸ்ஸில் தேவதானம் போகும் வழியெல்லாம் அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்றே யோசித்துக்கொண்டு போனாள். இனிமேல் அந்த ரோட்டைப் போட்டதாகத்தான் அரசாங்கக் கணக்கு. பள்ளத்துக்குப் பள்ளம் பஸ் தூக்கிப் போட்டது. அப்பா கத்துவார், அலுவலகத்துக்கே போய்ச் சண்டை போடுவார் என்று எதிர்பார்த்தாள்.

வேல்சாமிக்கு விஷயம் முன்பே தெரிந்திருந்தது. அன்று காலைதான் இணையதளத்தில் 'இம்மாதத்தின் நன்றியுள்ள குடிமகன்' என்று அவர் படம் வந்திருந்தது. தனுஷ்கோடியின் படத்துக்குப் பக்கத்தில், ஒரே ஒரு சுற்றுச் சிறியதாக. அவர் அதைக் கலரில் அச்செடுத்து லேமினேஷனும் செய்து, ராணுவ உடுப்பில் இருந்த படத்தை இறக்கிவிட்டு அந்த ஆணியில் மாட்டியிருந்தார்.

அன்று மாலை சோழபுரத்திலிருந்து சித்தப்பா பால்பாண்டி வந்தார். வழியில் பள்ளத்தில் பைக்கோடு விழுந்து, வலது கை முட்டி வீங்கியிருந்தது. இதெல்லாம் ஒரு ரோடா என்று வாசலிலேயே ஆரம்பித்தார்.

வேல்சாமி தம்பியை உட்காரச் சொன்னார். "ரோடு அம்புட்டு மோசமில்லடா. ஓட்டுறவன் பாத்து ஓட்டணும்" என்றார்.

பால்பாண்டி பதில் சொல்ல வாயெடுத்தவர் சுவரில் இருந்த படத்தைப் பார்த்தார். எழுந்து கிட்டப் போய்ப் பார்த்தார். ஆனந்தவல்லியின் அம்மா மஞ்சள் பத்தைக் குழைத்து எடுத்துக்கொண்டு வந்து அவர் கையில் போட ஆரம்பித்தாள்.

"ஏ ஆத்தா, அண்ணன் படத்துக்குப் பக்கத்துல இன்னும் எடம் கெடக்கு போலயே" என்றார் அவர் ஆனந்தவல்லியிடம். "நாலு வரி எனக்கும் எழுதிக் குடு. ரோட்டுல போனா தொட்டில்ல போற மாதிரி இருக்குன்னு போடு."

அவள் அப்பாவைப் பார்த்தாள். அவர் படத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். லேப்டாப்பைத் திறந்து, சித்தப்பா சொன்னபடியே எழுதினாள். அவருக்கு வலது கையைத் தூக்க முடியாததால், பட்டனையும் அவளே அழுத்தினாள்.