பதினோரு கட்டம்

பெரிய காஞ்சிபுரத்தில் பாதிப் பேருடைய நெஞ்சுக்கூட்டைப் பார்த்தவர் ஒரே ஒருத்தர்தான். அந்த ஆளுக்கு ஒருத்தர் மூஞ்சியும் ஞாபகம் இருக்காது. எக்ஸ்ரே எடுப்பவர். ஊரில் அவருக்குப் பெயர் நெகடிவ். பேச்சும் அப்படித்தான்.

ஒரு கல்யாணப் பந்தியில் மாப்பிள்ளையின் அப்பாவுடைய நெஞ்சை உற்றுப் பார்த்தார். "நீ இடது பக்கம் மூணாவது எலும்பு ஒடிஞ்சு கூடினவன்தானே?" என்றார். எந்த வீட்டுச் சுவர் ஏறிக் குதித்து ஒடிந்தது என்பதைப் பெரியவர் சம்பந்தி வீட்டில் சொல்லியிருக்கவில்லை. பாயசம் வருவதற்குள் சண்டை வந்துவிட்டது.

அவரிடம் படம் எடுக்கப் போனால், "பழைய படம் எங்க?" என்பதுதான் முதல் கேள்வி. இல்லையென்றால் வசவு. இரண்டு படத்தைச் சேர்த்து வைத்துப் பார்த்தால்தான் ஆள் தேறுவானா மாட்டானா என்று தெரியுமாம். டாக்டருக்கே இல்லாத தோரணை.

எழுபதுகளின் தொடக்கத்தில் என் மனைவி ஜெயாவுக்கு இருமல் விடவே இல்லை. பழைய படத்தை அப்புறம் தருவதாகச் சொல்லித் தப்பித்து, நெகடிவ் எடுத்துக் கொடுத்த படத்தை மெட்ராஸில் ஒரு டாக்டரிடம் காட்டினேன். வலது நெஞ்சில் ஒரு வெள்ளைத் திட்டு. "கேன்சராத்தான் இருக்கும். ஆறு மாசம் தாங்கினா பெரிசு" என்றார். நான் எப்படித் திரும்பி வந்தேன் என்று எனக்கே தெரியாது.

எப்படித்தான் சேதி எட்டியதோ, மறுநாள் காலையில் நெகடிவ் வாசலில் நிற்கிறார்.

"ரெண்டு வருஷம் முன்னால ஒண்ணு எடுத்தேனே, அது எங்க?"

"கிரகணம் பாக்க வெட்டிட்டோம் சார். நாலு துண்டா."

"யோவ், பொண்டாட்டி நெஞ்சை வெச்சிக்கினு சூரியனைப் பாத்தியா?"

தெருவே வேடிக்கை பார்த்தது. ஆறு மாதக் கெடு வாங்கி வந்தவனிடம் பேசுகிற பேச்சா இது? இரண்டு துண்டு வீட்டில் இருந்தது. ஒன்றைப் பக்கத்து வீட்டிலிருந்து வாங்கிவந்தேன். வலது நெஞ்சு இருந்த துண்டு ஓரிக்கையில், மச்சினன் வீட்டில். நெகடிவே வெயிலில் சைக்கிளை மிதித்துப்போய், "உங்க அக்கா நெஞ்சை எங்கய்யா வெச்சிருக்கே?" என்று அவனிடம் கேட்டிருக்கிறார். அவன் அழுதேவிட்டான்.

நாலையும் ஒட்டி, விளக்குப் பெட்டியில் புதுப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். நான் புடவைக் கரைக்கு டிசைன் போடுகிறவன். கட்டம் போட்ட தாளும் கையுமாகத்தான் இருப்பேன். பாதி மாங்காய் வரைந்திருந்த தாளைப் பிடுங்கி, தேங்காயெண்ணெயைத் தடவினார். என் ஒரு வார வேலை போச்சு. தாள் கண்ணாடியாகிவிட்டது. வரையாத பாதியைப் படத்தின் மேல் வைத்து, "எண்ணு" என்றார்.

"என்னால முடியாது சார்."

"கட்டம் எண்ணித்தானே சோறு துன்றே? எண்ணுய்யா."

எண்ணினேன். பழைய படத்தில் அந்தத் திட்டு பதினோரு கட்டம். புதியதிலும் பதினொன்று. அவர் சொல்லாமலே மறுபடி எண்ணினேன்.

"ரெண்டுமே நான் எடுத்தது. அதே மிஷினு, அதே தூரம். கேன்சர்னா ரெண்டு வருஷம் கைய கட்டிக்கினு குந்தியிருக்குமா? பழைய தழும்பா இருக்கும். ரெண்டையும் எடுத்துக்கினு மெட்ராஸ் போ."

மெட்ராஸ் டாக்டர் இரண்டையும் பார்த்து, இன்னும் ஏதேதோ சோதித்து, தழும்புதான் என்றார். பழைய படத்தை ஏன் முதலிலேயே காட்டவில்லை என்று அவரும் என்னைத்தான் கடிந்துகொண்டார்.

தெரு பார்க்க என்னைத் திட்டியதற்காகவாவது நெகடிவை நாலு பேர் முன்னால் பதிலுக்குத் திட்டவேண்டும் என்று எத்தனையோ நாள் கிளம்பியிருக்கிறேன். "சாப்பிட்டுட்டுப் போங்க" என்று உள்ளேயிருந்து ஜெயா கூப்பிடுவாள். அந்தக் குரலைக் கேட்டபிறகு அந்த மனுஷனைத் திட்ட எனக்கு வாய் வந்ததே இல்லை.