பீரோ ஏறாத கேரியர்

அன்பர்களே, நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள்: உங்கள் வீட்டுப் பொருள்களுக்கு நீங்கள் எசமானரா, அவை உங்களுக்கு எசமானரா? அவசரப்பட்டு விடை சொல்ல வேண்டாம். முதலில் இதைக் கேளுங்கள்.

ஒரு காட்டில் செல்லக்கனி என்னும் முயல் வாழ்ந்து வந்தாள். அவள் மகளுக்கு மலையுச்சியில் ஒரு நல்ல முயல் வீட்டில் சம்பந்தம் கூடிவந்தது. மாப்பிள்ளையின் தாய்மாமன் பரமசாமி ஒரே ஒரு நிபந்தனை விதித்தார். "இரும்பு பீரோ முதல்ல வந்து இறங்கணும். அப்புறம்தான் மாலை மாத்துறது."

மழைக்காலத்தில் அம்மலைப்பாதை முழுவதும் சேறு. அதில் ஏறவல்லது கரடி சங்கிலிமுத்துவின் ஜீப் ஒன்றுதான். நான்கு சக்கரங்களும் சேர்ந்து இழுக்கும் வண்டி. ஆனால் உள்ளே மணப்பெண்ணும் உறவினரும் அமர்ந்தபின் பீரோவுக்கு இடம் ஏது? ஆகவே ஜீப்பின் கூரைமேல் ஒரு கேரியர் பொருத்துவதென்று முடிவாயிற்று.

திருமணத்துக்கு முதல் நாள் மெக்கானிக் ஜெயசிங் என்னும் குரங்கு வந்தான். வண்டியின் உட்கூரைத் துணியைக் கிழியாமல் இறக்கினான். தகட்டில் துளையிட்டு, மழைநீர் ஒழுகாதபடி ரப்பர் வளையம் வைத்துப் பசை தடவினான். கம்பிச் சட்டத்தை நிறுத்தி போல்ட்டுகளை முறுக்கினான். பின்னர் அதில் தொற்றி ஆடியும் பார்த்தான். வண்டி ஆடியது, கேரியர் ஆடவில்லை.

வேறொருவனாக இருந்தால் அத்துடன் கிளம்பியிருப்பான். ஜெயசிங்கோ கடமை தவறாதவன். துணியைச் சுருக்கமின்றி இழுத்து ஒட்டினான். கூரையின் ஓரமெங்கும் பீடிங் என்னும் கறுப்பு ரப்பர் பட்டையைப் பதித்தான். போல்ட்டுத் தலைகளுக்கு மூடி போட்டான். கம்பிகளைத் தன் வாலாலேயே துடைத்து மெருகேற்றினான்.

அங்கேதான் வினை தொடங்கிற்று. கரடி வண்டியைச் சுற்றி வந்தான். பளபளத்த கம்பியில் தன் முகத்தைக் கண்டான். கற்பூரம் காட்டினான், எலுமிச்சம்பழம் கட்டினான், கண்கலங்கினான்.

மறுநாள் காலையில் முயல்கள் பீரோவைத் தூக்கி வந்தன. கரடி இரு கைகளையும் விரித்து வழிமறித்தான்.

"எங்க தூக்கிட்டு வர்றீங்க?"

"கேரியர்லதான் அண்ணே," என்றாள் செல்லக்கனி.

"இரும்பு பீரோம்மா இது! பெயின்ட் கீறிடாது?"

"ஜமுக்காளம் விரிச்சுக்கலாம்ணே."

"ஜமுக்காளத்துல மண்ணு இருக்கும். உரசும்."

ஜெயசிங் தலையைச் சொறிந்தான். "அண்ணே, யானையே ஏறலாம்ணே. நான் மேல தொங்கி ஆடியே பார்த்தேன்."

"ஆடினியா?" கரடி கம்பியில் கால்தடம் தேடினான். "காலைக் கழுவிட்டு ஆடினியா?"

"பீரோ ஏத்தத்தானே அண்ணே இதையே மாட்டினோம்?"

"ஏத்தத்தான். யாரு இல்லைன்னா? கொஞ்சம் பழசாகட்டும்."

முகூர்த்தமோ நெருங்கிக்கொண்டிருந்தது. கரடியிடம் வாதாடி வென்றவர் அக்காட்டில் இல்லை. பெண்ணும் பெற்றவளும் ஜீப்பில் ஏறினர். இளமுயல்கள் பீரோவைத் தோளில் சுமந்துகொண்டு சேற்றில் பின்தொடர்ந்தன. முதல் வளைவிலேயே ஜீப் மறைந்துவிட்டது.

மலையுச்சியில் பந்தல் வாசலிலேயே பரமசாமி நின்றார். ஜீப்பின் உள்ளே எட்டிப் பார்த்தார். காது இரண்டும் விறைத்தன.

"சம்பந்தியம்மா, பீரோ எங்க?"

செல்லக்கனி வந்த வழியைத் திரும்பிப் பார்த்தாள். மகள் தலைகுனிந்தாள். நாதசுரக்காரர் சீவாளியை வாயிலிருந்து எடுத்துவிட்டார்.

பரமசாமி வண்டியின் கூரையை அண்ணாந்து பார்த்தார். அங்கேயும் ஒன்றுமில்லை. ஆனால் பார்த்தவர் பார்த்தபடியே நின்றார். பீடிங்கை விரலால் தடவினார். கரடி பதறிப்போய் அந்த விரலை எடுத்துவிட்டான்.

"புதுசோ?"

"நேத்து மாட்டினது சார்."

"இதுல என்ன ஏத்துவீங்க?"

"ஏத்துறதா!" என்றான் கரடி. "கீறல் விழுந்துராது?"

ஜீப்பும் கேரியரும் பெண் வீட்டாருடையவை என்றே எண்ணிய பரமசாமியின் முகம் மாறியது. மாப்பிள்ளையின் தந்தையைத் தனியே இழுத்துச் சென்றார். "மச்சான், மோசம் போயிட்டோம். சாமான் ஏத்தாத கேரியருக்கே இவ்வளவு செலவு பண்ற குடும்பம்யா இது! அவங்ககிட்டப் போய் ஒரு பீரோவுக்கு வாய் திறந்துட்டோமே. நம்மள எவ்வளவு அற்பமா நினைப்பாங்க! மாலையை எடு, சீக்கிரம்!"

மேளம் முழங்கிற்று. தாலி ஏறிற்று. விருந்தின் நடுவில் சேற்றில் குளித்த முயல்கள் மூச்சிரைக்கப் பீரோவை இறக்கின. பரமசாமி கைகூப்பியபடி ஓடிவந்தார்.

"ஐயையோ, இதெல்லாம் எதுக்கு? எங்களுக்கு வேண்டவே வேண்டாம். திருப்பி எடுத்துட்டுப் போயிடுங்க."

"திரும்பவுமா?" என்றது ஒரு முயல். "கேரியர்தான் காலியா இருக்கே..."

கரடி அதை ஒரு பார்வை பார்த்தான். முயல்கள் குனிந்து பீரோவைத் தோளில் ஏற்றின.

நீதி: பொருளைப் பயன்படுத்துகிறவனுக்குக் கீறல்தான் மிஞ்சும், பயன்படுத்தாமல் வைத்திருப்பவனுக்கு ஊரே கைகூப்பும்.

ஆகவே அன்பர்களே, நாளைக்கென்று தள்ளாதீர்கள். புதுச் சோபாவின் பிளாஸ்டிக் உறையைக் கழற்றி எறிந்துவிட்டு அதன்மேல் துணிந்து உட்கார்ந்திருப்பவர் எவரேனும் இருந்தால், உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன், இந்த நொடியே எழுந்திருங்கள். குப்பை வண்டி தெருமுனையைத் தாண்டுவதற்குள் ஓடிப்போய் அந்த உறையை மீட்டு வாருங்கள். இன்றே மாட்டிவிடுங்கள்!